சாமிக்கு ஒரு இழுப்பு

“இன்னும் எவ்வளவுதான் இறுக்கோணும், அம்மிணி?”

ஆறுச்சாமி கேட்டது புலம்பல் மாதிரிதான் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியபின், தன்னைவிடப் பத்து வயது இளைய மரகதத்தின் பட்டறையில் வந்து தொழில் கற்றுக்கொள்வது லேசுப்பட்ட காரியமா?

ஆயுசு முழுக்க டீசல் லாரிகளோடு மல்லுக்கட்டியவர் அவர். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இப்போது வருவதெல்லாம் கேஸில் ஓடும் லாரிகள். பிளக் இல்லாமல் வண்டி உறுமக்கூட உறுமாது.

“பிளக்கே சொல்லுமுங்கண்ணா” என்றாள் மரகதம்.

“எங்கிட்ட மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குது.”

அவள் சிரித்துவிட்டு ஒரு ரப்பர் ட்யூப் துண்டை நீட்டினாள்.

பிளக்கின் தலையை அதில் செருகி, விரலால் திருக வேண்டும். மரை கோணலாகப் பிடித்தால் ட்யூப் வழுக்கிவிடும். நேராக இறங்கி உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். அதுவும் அளவு வைத்த ஸ்பேனர். போதுமான இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும்.

எல்லாம் ஆறுச்சாமிக்குத் தெரியும். ‘டிக்’ சத்தமும் நன்றாகவே கேட்கும்.

கேட்ட பிறகு ஒரு இழுப்பு இழுப்பார். அங்கேதான் வினை.

“டிக்குனு சொல்லிருச்சில்லீங்க, அப்புறம் எதுக்குங்கண்ணா?”

“அது சாமிக்கு, அம்மிணி. எந்த நட்டானாலும் கடைசியா சாமிக்குன்னு ஒரு இழுப்பு இழுக்கோணும். எங்க பட்டறைப் பழக்கம். எளகிப் போச்சுன்னா ஓட்டறவன் கதி என்னாகறது?”

டீசல் லாரியின் இரும்பு அந்த இழுப்பைத் தாங்கியது. இதில் பிளக் உட்காரும் இன்ஜின் ஹெட் அலுமினியம். முந்தாநாள் சாமிக்கு இழுத்த இழுப்பில் மரை பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இது முதல் தடவையும் இல்லை.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் தன் வண்டிகளையெல்லாம் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவதாக லாரி முதலாளி சொல்லியிருந்தார். மரகதம் அதை ஆறுச்சாமியிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்துவிட்டது. இந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று காலையிலேயே பையைக் கட்டி வைத்துவிட்டார்.

லேத்தில் சரிபண்ணி வந்த ஹெட்டைத் தூக்கி மாட்டுவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறியது. போல்ட்டுகளை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. சோறும் இறங்கவில்லை. முட்டை லோடு ஏற்ற வேண்டிய டிரைவர் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

“பிளக்கை நீங்களே போட்டுருங்க, அம்மிணி. என் கையை எனக்கே நம்பிக்கையில்ல.”

மரகதம் போய் டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வேறு வழியில்லை. அவரே எடுத்தார். ட்யூபில் செருகித் திருகினார். உட்கார்ந்தது. ஸ்பேனரைப் போட்டார்.

டிக்.

கை அப்படியே தொங்கியது. அடுத்ததற்கு நகர்ந்தார். எல்லாம் முடிந்ததும் பழைய டயர் ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அழ வேண்டும் போல இருந்தது. அதற்கும் தெம்பில்லை.

டிரைவர் சாவியைத் திருப்பினான். ஒரு உதறல் இல்லை, புஸ்ஸென்ற சத்தம் இல்லை. மரகதம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கையசைத்தாள். லாரி பட்டறையைவிட்டு வெளியேறி மெயின் ரோட்டில் ஏறியது.

அப்போதுதான் ஆறுச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அய்யோ அம்மிணி, நிறுத்தச் சொல்லுங்க! கை அசந்த அசப்புல சாமிக்கு இழுக்கவே மறந்துட்டனே!”

மரகதம் டீ டம்ளரை அவர் கையில் வைத்தாள்.

“இன்னைக்குத்தானுங்கண்ணா சாமிக்குன்னு கொஞ்சம் விட்டு வெச்சிருக்கீங்க.”