சுவரைப் பார்த்துச் சிரித்தவன்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்டு என்னை மடக்காதீர்கள், ஓர் ஊரில் மகரகேது என்றொரு மகாராஜா இருந்தார். அவருக்கு எதிலும் ருசியில்லை. மல்லிகை மணக்கவில்லை, பாட்டு இனிக்கவில்லை. மாம்பழம் கொடுத்தால் 'ம்' என்பார். பலாச்சுளைக்கும் அதே 'ம்'தான். நாடி பார்த்துப் பார்த்து வைத்தியர்கள் அலுத்துப்போனார்கள்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். மகாராஜாவின் பாட்டனார் ஒருமுறை பசி மயக்கத்தில் சபையிலேயே சரிந்துவிட்டாராம். அன்றிலிருந்து, அரசருக்குப் பசியே எடுக்கக் கூடாது என்று நாழிகைக்கொரு தட்டு வரும். பழம் போனால் பலகாரம், பலகாரம் போனால் பாயசம். எதுவானாலும் முதலில் மடைப்பள்ளி அதிகாரி வச்சிரநாதர் தின்று பார்ப்பார். மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று நெடுநேரம் கவனித்துவிட்டுத்தான் அரசருக்குப் பரிமாறுவார்கள். அவர் நன்றாகவே இருந்தார். வருஷத்துக்கு வருஷம் கன்னம் உப்பிக்கொண்டே போயிற்று.

மகாராஜாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் விகடகவி திருமேனி. அவன் வாயைத் திறந்தால்தான் அரசர் முகத்தில் கொஞ்சமாவது களை வரும். வச்சிரநாதருக்கு அதிலேதான் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அவர் சபையில் எழுந்து நின்றார். "அரசே, திருமேனி தினமும் உச்சிவேளையில் அரண்மனைக் கொல்லைச் சுவரருகே நிற்கிறான். கண்ணை மூடிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறான். எதையோ அங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று ஐயுறுகிறேன்."

மகாராஜாவுக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே கொல்லைப் பக்கம் போனார். வெறும் மண்சுவர். சாத்திக் கிடந்த ஒரு சின்ன ஜன்னல், காக்கை எச்சம், அவ்வளவுதான். சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். யாரும் பார்க்கவில்லையே என்று உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடிச் சிரித்தும் பார்த்தார். ஊஹூம், ஒன்றும் நடக்கவில்லை. அப்படி என்னதான் இருக்கும் இங்கே?

மறுநாள் சபையில் அவரால் பொறுக்க முடியவில்லை. "திருமேனி, அந்தச் சுவரருகே என்ன இருக்கிறது?"

"இன்பம் இருக்கிறது, அரசே."

"அதை எனக்குக் கொடு!"

வச்சிரநாதர் குறுக்கே பாய்ந்தார். "உள்ளபடியே கொடுக்க வேண்டும், அரசே. இவன் அனுபவித்தபோது என்னென்ன இருந்ததோ, அதில் ஒன்றும் குறையக் கூடாது, கூடவும் கூடாது. தங்கள் கையிலேயே வைக்க வேண்டும். தவறினால், சபையில் பொய் சொன்ன குற்றத்துக்காக இவனை நாடு கடத்த வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா, அவசரத்தில். சொன்ன பிறகுதான் உறைத்தது. இவன் போய்விட்டால் நான் யாரைப் பார்த்துச் சிரிப்பேன்? ஆனால் ராஜ வாக்கு. வெளியே வந்ததை உள்ளே இழுக்க முடியுமா?

திருமேனி கைகூப்பினான். "ஆணை, அரசே. நாளைக் காலையிலிருந்தே கொண்டுவரத் தொடங்குகிறேன்."

விடிந்தது. பழத்தட்டு வந்தது. திருமேனி அதை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினான். பலகாரம் வந்தது, அதற்கும் அதே கதி. பாயசக் கிண்ணம் வந்த வழியே போயிற்று. வெயில் ஏற ஏற மகாராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார்.

"திருமேனி, வயிற்றுக்குள் யாரோ பிராண்டுகிறார்களே, இது என்ன?"

"பசி, அரசே. அது இல்லாமல் நான் ஒருநாளும் அந்தச் சுவரருகே போனதில்லை."

"அரசரைப் பட்டினி போடுகிறான்! இது ராஜத்துரோகம்!" என்று கத்தினார் வச்சிரநாதர்.

"ஒன்றும் குறையக் கூடாது என்று கேட்டது தாங்கள்தானே, ஐயா?"

உச்சிவேளையில் மூவரும் சுவரருகே போய் நின்றார்கள். மகாராஜாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. ஆனால் பசி வந்ததும் காதும் கண்ணும் விழித்துக்கொண்டன போலும்.

"அந்தக் கடகட சத்தம் என்ன?"

"அம்மி, அரசே. மிளகும் சீரகமும் அரைபடுகின்றன."

"இந்தக் குருவிகள் ஏன் இங்கேயே சுற்றுகின்றன?"

"அரிசி புடைத்த நொய் விழும். அதற்காகத்தான்."

மகாராஜா சுவரில் உள்ளங்கையை வைத்தார். இதமான சூடு. "முந்தாநாள் இப்படி இல்லையே!"

"அன்று தாங்கள் வந்தபோது அடுப்பு அணைந்திருக்கும். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மடைப்பள்ளி."

திறந்திருந்த ஜன்னல் வழியே ஒரு பெண்குரல் கேட்டது. "அடியே, நெய் காஞ்சிருச்சு பாரு, கறிவேப்பிலைய உருவிப் போடு!"

சொய்ங்!

கடுகு வெடித்தது. கறிவேப்பிலையும் பெருங்காயமும் நெய்யில் பொரிந்த மணம் ஜன்னலைத் தாண்டி வந்து மகாராஜாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"திருமேனி, என் வாயில் என்னவோ ஊறுகிறது!"

"ஊறட்டும், அரசே."

மகாராஜா சிரித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

"மணத்தைக் கையில் வைக்க முடியுமா? தோற்றான்!" என்று வச்சிரநாதர் குதித்தார்.

திருமேனி ஜன்னலைத் தட்டினான். "செவந்தியக்கா, எப்பவும் போல ஒரு உருண்டை!"

"வந்துட்டியா? இன்னிக்கு ரசஞ்சோறு. கொதிக்குது, கை பத்திரம்!"

ஆவி பறக்கும் சோற்று உருண்டையோடு ஒரு கை வெளியே நீண்டது. திருமேனி விலகிக்கொண்டான். உருண்டை மகாராஜாவின் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

"ஐயோ, சுடுகிறது!" அவர் அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதினார்.

"உண்ணாதீர்கள், அரசே! நான் இன்னும் ருசி பார்க்கவில்லை!" என்று பதறினார் வச்சிரநாதர்.

அதற்குள் உருண்டை வாய்க்குள் போய்விட்டது. நாக்கு சுட்டது, கண்ணில் நீர் வந்தது. "ஆகா!" என்றார் மகாராஜா. சற்று யோசித்தார். "இதே ரசம்தானே தினமும் எனக்கு வருகிறது? அது ஏன் இப்படி இல்லை?"

"தங்களிடம் வந்து சேரும்போது ஆறி அவலாய்ப் போயிருக்கும், அரசே."

மகாராஜா மெல்லத் திரும்பினார். "வச்சிரநாதரே, தாங்கள் ருசி பார்க்கும்போது எப்படி இருக்கும்?"

வச்சிரநாதர் வாயைத் திறப்பதற்குள் பதில் உள்ளேயிருந்து வந்தது. அடுப்படிச் சத்தத்தில் கடைசிக் கேள்வி மட்டுமே காதில் விழுந்த செவந்திக்கு, வெளியே நிற்பது யாரென்று தெரியாதே! "அதிகாரி ஐயாவுக்கு ஆறினா ஆகாதுங்க. சுடச்சுட வேணும். சந்தேகமா இருக்குன்னு மறுபடியும் கேட்டு வாங்கி ருசி பாப்பாரு."

மகாராஜா சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் சரிய, வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"வச்சிரநாதரே, இனி நான் முதலில் சாப்பிடுவேன். நான் உயிரோடு இருக்கிறேனா என்று நெடுநேரம் கவனித்துவிட்டுத் தாங்கள் சாப்பிடுங்கள். நாழிகைத் தட்டுகளும் இன்றோடு நின்றன."

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"இந்தச் சுவரடியை எனக்கே விட்டுவிட வேண்டும், அரசே."

"அது மட்டும் முடியாது" என்றார் மகாராஜா. "பாதி என்னுடையது."

மறுநாள் உச்சிவேளையில் சிம்மாசனம் காலியாகக் கிடந்தது. காவலர்கள் எங்கெங்கோ தேடிவிட்டுக் கொல்லைக்கு ஓடினார்கள். அங்கே மகாராஜாவும் விகடகவியும் தோளோடு தோள் உரச, கண்ணை மூடி நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வச்சிரநாதர் நின்றார். உள்ளே கடுகு வெடித்தது. அவர் கண்களும் தாமாக மூடிக்கொண்டன.