அரசரின் விரலும் உடையநம்பியின் பட்டயமும்

முன்னொரு காலத்தில், கைப்பேசி வந்த பிறகும் அரசர்கள் போகாமல் இருந்த ஒரு நாட்டைக் கொற்றவேலர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். வாளை வீசினால் குறி தப்பாது. ஆனால் கைப்பேசியில் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வந்து நிற்கும். அவ்வளவு பருத்த விரல்.

அந்த விரல்தான் வினையாக வந்தது. தாய்வீடு போயிருந்த அரசி அல்லியங்கோதைக்கு, 'என் அருமைத் தேவியே, எப்போது வருவாய்?' என்று ஆசை ஆசையாக எழுதினார். 'அ' மேல் வைத்த விரல் 'எ' மேல் பட்டுவிட்டது. போய்ச் சேர்ந்தது, 'என் எருமைத் தேவியே.'

அதன்பின் அரசி அழைப்பையே எடுக்கவில்லை. சமாதானம் பேசப் போன தூதரிடம், "பிழையில்லாமல் அவர் கையாலேயே எழுதட்டும். அதுவரை வரமாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மன்னருக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி எழுதவும் பயம். எருமையாவது பால் தரும். அடுத்த பிழை என்னவாக வருமோ? அரண்மனை விகடன் இளஞ்சாத்தனைக் கூப்பிட்டார்.

"சாத்தா, கொத்திக் கொத்தி எழுத நான் என்ன மரங்கொத்தியா? விரலை வைத்தால் எடுக்கக் கூடாது. வழுக்கிக்கொண்டே போய்ச் சொல் முடிய வேண்டும். அப்படியொரு விசைப்பலகை செய்து கொண்டு வா. அரசி வராவிட்டால் நீயும் இந்தச் சபையில் இருக்க வேண்டாம்!"

"எருமை என்றது தாங்கள், வெளியே போவது நானா?" என்று முணுமுணுத்தபடி போனான் சாத்தன்.

போனவன் சும்மா இருக்கவில்லை. விரல் இழுக்கும் கோட்டின் வடிவத்தைப் பார்த்தே சொல்லை ஊகிக்கும் பலகையைச் செய்தான். விரல் சற்றுத் தடம் மாறினாலும் சொல் மாறாது. முதல் சோதனையில் 'அரசர் வாழ்க' என்று இழுத்தான். 'அரசர் வாழை' என்று வந்தது. யாருக்கும் காட்டாமல் அழித்துவிட்டு, அதையும் சரிசெய்தான்.

மறுநாள் சபையில், அந்தப் பலகையை ஏற்றிய கைப்பேசியைச் சாத்தன் நீட்டும்போது, உரிமைத்துறை அமைச்சர் உடையநம்பி எழுந்தார். தானாக ஒன்றையும் செய்தவரல்லர் அவர். பிறர் செய்யக்கூடியதை முன்னதாகவே யோசித்து, மன்னர் உண்ட மயக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து முத்திரை வாங்கி வைப்பவர். கொட்டாவி விடும்போது வாயருகே சொடக்குப் போடுகிறோமே, அதற்குக்கூட அவரிடம் காப்புரிமை இருந்தது. பாவம், அவையோர் வாயை மூடிக்கொண்டே கொட்டாவி விட்டுப் பழகியிருந்தார்கள். மன்னர் சாத்தனோடு சிரித்துப் பேசுவது மட்டும் உடையநம்பிக்குப் பொறுக்காது.

அவர் செப்புப் பட்டயத்தைத் தூக்கி வாசித்தார்: "'எழுத்துக்கு எழுத்து விரலை எடுக்காமல் நகர்த்தி எழுதும் முறை உடையநம்பிக்கே உரியது. பிறர் அப்படியொரு பலகை செய்தால் சபையை விட்டு நீங்க வேண்டும்.' கீழே தங்கள் முத்திரை, அரசே."

மன்னர் முகம் வாடிவிட்டது. "முத்திரை என்னுடையதுதான். கொடுத்த வாக்கை மீறமாட்டேன். சரி, உம்முடைய பலகையையாவது கொடும்."

"இன்னும் செய்யவில்லை, அரசே. செய்யும் எண்ணமும் இல்லை."

சாத்தன் பணிவாகக் கேட்டான்: "அமைச்சர் பெருமானே, விரல் நகராமலே எழுதினால்?"

உடையநம்பி தொந்தி குலுங்கச் சிரித்தார். "விரல் நகராமல் எழுத்து எங்கிருந்து வரும்? அப்படி எழுதினால் அதில் எனக்கு எள்ளளவும் உரிமையில்லை. சபையறியச் சொல்கிறேன்."

"அது போதும். அரசே, முழங்கையை அரியணையில் ஊன்றி விரலை நீட்டுங்கள். அமைச்சரே, நீரே அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். இம்மி அசைந்தாலும் நான் இப்போதே வெளியேறுகிறேன்."

இதுதான் சமயமென்று உடையநம்பி இரண்டு கைகளாலும் விரலைப் பற்றினார். சாத்தன் மன்னரின் இடக்கையில் அந்தக் கைப்பேசியைக் கொடுத்து, விரல் நுனிக்குக் கீழே பிடிக்கச் செய்தான்.

"விரலை அமைச்சர் பார்த்துக்கொள்வார், அரசே. தாங்கள் கைப்பேசியை நகர்த்துங்கள்."

மன்னர் மெல்ல நகர்த்தினார். விரலுக்கு அடியில் 'அ' வந்தது, 'ரு' வந்தது, 'மை' வந்தது. எருமை தலைகாட்டவே இல்லை.

"இது ஏமாற்று!" என்று கத்தினார் உடையநம்பி.

"விரல் நகர்ந்ததா?" என்று கேட்டார் மன்னர்.

பிடித்திருப்பவரே உடையநம்பிதானே, வேறென்ன சொல்வார்? "நகரவில்லை, அரசே."

"இதிலென்ன புதுமை, அமைச்சரே?" என்றான் சாத்தன். "உம் பட்டயத்தை முதலில் ஓலையில் எழுதினார்களே, அப்போதும் எழுத்தாணி நின்ற இடத்தில் நின்றது, ஓலைதான் நகர்ந்தது."

'என் அருமைத் தேவியே, பிழை என் விரலுடையது, மனத்துடையதன்று. வந்துவிடு' என்று முழுவதும் எழுதி அனுப்பினார் மன்னர். சாத்தனுக்கு உள்ளுக்குள் பயம்தான். அரசி மனம் இரங்காவிட்டால் அவன் மூட்டை கட்ட வேண்டியவன்.

கைப்பேசி மணியடித்தது. மன்னர் படித்தார்: 'எருமை புறப்பட்டுவிட்டது. தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கி வையுங்கள்.'

மன்னர் சிரித்த சிரிப்பில் மகுடம் காதுவரை இறங்கிவிட்டது. தம் பொற்காப்பைக் கழற்றிச் சாத்தன் கையில் போட்டார். அந்தச் சமயம் பார்த்து உடையநம்பி விரலை விட்டு நழுவப் பார்த்தார்.

"எங்கே போகிறீர்? இனித் தினமும் தேவிக்கு எழுதப்போகிறேன். விரலைக் காக்க ஆள் வேண்டாமா? அவனுக்குக் காப்பு, உமக்குக் காப்புரிமை! வேறெவரும் இந்த விரலைத் தொடக் கூடாதென்று முத்திரை போட்டே தருகிறேன்."

அரசி வந்து சேர்ந்த பிறகும், பக்கத்து அறையில் இருப்பவளுக்கு மன்னர் பக்கம் பக்கமாக எழுதினார். உடையநம்பி இரண்டு கைகளாலும் விரலைப் பிடித்தபடி நின்றார். நடுவில் அவருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும். உரிமை முழுவதும் அவருடையதுதான். சொடக்குப் போடத்தான் கை ஒழியவில்லை.