தலைப்பாகையின் கடைசிச் சுற்று

முன்னொரு காலத்தில் நெடுமடை நாட்டை இளந்திருமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிடச் சந்தேகப்பட்டான் என்பதுதான் சரி. பாலை மூன்று பேர் குடித்துப் பார்த்த பிறகே அவன் குடிப்பான்; அதனால் அவனுக்கு மிஞ்சியது வெறும் ஆடைதான்.

மலைநாட்டோடு ஓர் உடன்படிக்கை இருந்தது. இவர்கள் உப்புக் கொடுப்பார்கள். அவர்கள் கோடையில் அணையைத் திறப்பார்கள். ராஜாவும், ஊர்த் தலைவர்களான ஏழு நாட்டார்களும் சபையில் கூடிச் சத்தியம் செய்து ஏற்றது. தளபதி வில்லவராயரும் அந்த எழுவரில் ஒருவர். ஆனால் பேசி முடித்த புகழ் மந்திரி நன்னாகருக்குப் போய்விட்டதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் மலைநாட்டிலிருந்து ஒரு கிளி பரிசாக வந்தது. வந்ததிலிருந்து அது வாயே திறக்கவில்லை.

"கவனித்தீர்களா பிரபு? பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒற்றன்!" என்றார் வில்லவராயர். "உடன்படிக்கையை இன்றே முறித்துவிடுங்கள்."

"சபையைக் கூட்டாமலா?" என்றார் மந்திரி. "அணை மூடினால் கருகப்போவது குடிகளின் பயிர், பிரபு."

"சத்தியம் செய்தவர்களில் நானும் ஒருவன். நான் விலகினால் முடிந்தது!" என்றான் ராஜா.

"பலர் கூடிச் செய்ததை, அவர்களில் ஒருவர் கலைத்தால் போதுமா?"

"போதும்! இனி அதுதான் சட்டம். பறையறையச் சொல்லும்!"

வில்லவராயர் மீசையை முறுக்கினார். "மந்திரியாரே, மூட்டை கட்டும்."

"கட்டுகிறேன். அதற்குமுன் ஒரு சின்ன சந்தேகம்."

சந்தேகம் என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தளபதியாரே, பட்டம் கட்டிய அன்று ஏழு நாட்டார்களும் ஆளுக்கொரு சுற்றாக ராஜாவுக்குத் தலைப்பாகை சுற்றினார்களே. அது தலையில் இருக்கும்வரைதானே அவர் ராஜா? சுற்றியதில் தாங்களும் உண்டோ?"

"உண்டோவா? கடைசிச் சுற்றே நான்தான் ஐயா! நுனியைச் செருகியது இந்தக் கை!"

"அடடா! அப்போ புதுச் சட்டப்படி..." மந்திரியின் பார்வை தலைப்பாகைக்குப் போனது.

ராஜாவின் கை மெல்ல எழுந்து தலைப்பாகையின் நுனியைப் பிடித்துக்கொண்டது. கண் வில்லவராயரின் கையிலேயே நின்றது.

"உடன்படிக்கையை முறிக்கச் சொன்னது நீர்தானே?"

"பிரபு, நான் கிளியைத்தான்..."

"கையை இறக்கும்!"

"மூக்கு அரிக்கிறது, பிரபு!"

"அரிக்கட்டும்!"

பறைக்காரன் வாசலைத் தாண்டுவதற்குள் சட்டம் செத்துப்போனது. சபை கூடியது. நாட்டார்கள் தண்ணீர்தான் வேண்டும் என்றார்கள், உடன்படிக்கை நிலைத்தது.

அன்றுமுதல் வில்லவராயர் அரசவையில் கைகளைப் பின்னால் கட்டியே நிற்க வேண்டும் என்று உத்தரவு. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஊதித்தான் விரட்டினார். மந்திரிக்குப் பரிசாக ராஜா அந்தக் கிளியையே கொடுத்தனுப்பினான்.

நன்னாகர் வீட்டில்தான் அது முதன்முதலாக வாய் திறந்தது. அச்சு அசல் ராஜாவின் குரல்: "யாரது? யார் அங்கே? கதவைச் சாத்து!"

அரண்மனையில் அத்தனை நாள் உட்கார்ந்து அந்த ஒற்றன் திரட்டிய ரகசியம் மொத்தமும் அவ்வளவுதான்.