காதுக்குள் வந்த தலைவி

அல்லிக்குளத்தில் தண்ணீர் குடிக்க ஒரு சட்டம் இருந்தது. உடம்பு பெருத்தவர் முதலில், சிறுத்தவர் கடைசியில். குன்றன் யானை முதலில் இறங்குவான். பிறகு காட்டெருமை, கடமான், பன்றி, நரி. செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவியின் முறை வரும்போது குளத்தில் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகம் இருக்கும்.

செம்மூக்கி கரைமேட்டில் நாலு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டிக்குக் கூடு கட்டும் வழக்கம் கிடையாது. வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில் இட்டுவிட்டு, யாராவது மிதித்துவிடுவார்களோ என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தும். அதனாலேயே செம்மூக்கி ஒவ்வொரு அடிக்கும் குனிந்து தரையைப் பார்த்துத்தான் நடப்பாள்.

ஒரு நாள் காலை, வானத்திலிருந்து பலாப்பழம் மாதிரி முள்முள்ளாக ஒரு பெரிய கப்பல் தொப்பென்று குளக்கரையில் இறங்கியது. கதவு திறந்தது. அடேயப்பா! யானையைவிட இரண்டு மடங்கு பெரிய ஒரு உயிர் வெளியே வந்தது. உடம்பெல்லாம் ஊதா ரோமம், ஆறு கால், நெற்றியில் ஒற்றைக் கண், முறம் முறமாகக் காது!

"என்னைவிடப் பெருசா ஒருத்தரா?" குன்றன் வாயைப் பிளந்தான். "அப்ப இவரு ராஜாதான், சந்தேகமே இல்ல!"

"ராஜான்னா முறைப்படி வரவேற்க வேணாமா?" என்றான் கோணவாலன் என்ற நரி.

குன்றன் துதிக்கை நிறையத் தண்ணீர் மொண்டு விருந்தாளியின் தலையில் அபிஷேகம் செய்தான். மூக்கு, காது எல்லாம் தண்ணீர். விருந்தாளி திடுக்கிட்டது. காதைத் தடவிப் பார்த்தது. பிறகு காடே அதிர, "ஓவ்வ்வ்!" என்று கத்தியது.

"என்ன சொல்றாரு?" என்று எல்லோரும் நரியைப் பார்த்தார்கள்.

கோணவாலனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொல்கிற பழக்கம் அவன் பரம்பரையிலேயே கிடையாதே! "உக்கார உசரமான இடம் வேணுமாம். அந்த மேட்டைக் கேக்கிறாரு. அப்புறம்... என்னை மந்திரியா வெச்சுக்கிறாராம்!"

செம்மூக்கிக்கு உயிரே போய்விட்டது. "ஐயா, அங்க என் முட்டை இருக்கு!"

"எடுத்துட்டுப் போயேன்!" என்றான் நரி.

"முட்டையை மூட்டை கட்டித் தூக்கிட்டா போக முடியும்? இன்னைக்கோ நாளைக்கோ பொரிக்கப் போகுதுங்க!"

"ராஜா காரியத்துல குருவி என்ன குறுக்கே?" என்று காட்டெருமை உறுமினான். எல்லோருமாக விருந்தாளியை மேட்டுப்பக்கம் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அது போகிற வழியெல்லாம் ஓவ் ஓவ் என்றபடியே வந்தது.

செம்மூக்கி அலறிக்கொண்டு முன்னால் ஓடினாள். அந்தப் பதற்றத்திலும் பழக்கம் விடவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினாள். மேட்டடியில் சட்டென்று நின்றாள். அபிஷேகத் தண்ணீர் ஓடிவந்து அங்கே தேங்கியிருந்தது. அதில் மிதந்த ஓர் இலையின் மேல், கடுகளவில் ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று கையை ஆட்டியது!

"தாயே, மிதிச்சுடாதே! கீழே பார்த்து நடக்கிற ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்திதான் போல!"

"நீ யாரு?"

"என் பேரு இம்மா. எங்க உலகத்துக்கே நான்தான் தலைவி."

"அப்ப அதோ வர்றது?"

"அதுவா? அது என் கொள்ளுப்பேரன்! பொறந்து ஒரு வாரம்கூட ஆகல. இன்னும் பேச்சே வரல. என்னைக் காணோம்னு அழுறான், பாவம்!"

செம்மூக்கி கண்ணைக் கொட்டினாள்.

"எங்க இனத்துல குழந்தைங்க மலை மாதிரிதான் பொறக்கும்," என்றாள் இம்மா. "ஒவ்வொண்ணா கத்துக்கக் கத்துக்க உடம்பு சுருங்கும். நிறையக் கத்துக்கிட்டா கடுகாயிடுவோம். எங்களால தூரம் நடக்க முடியாது. அதனால குழந்தைங்க காதுல உக்காந்து, இங்க போ, அதைத் தொடாதேன்னு சொல்லிட்டே இருப்போம். யாரோ புண்ணியவான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்டான்!"

"எங்க பேச்சு உனக்கு எப்படித் தெரியும்?"

"இப்பதான், நீங்க போட்ட சண்டையைக் கேட்டுக் கத்துக்கிட்டேன். அதுலயும் கொஞ்சம் இளைச்சுட்டேன்!"

அதற்குள் மேட்டில் நரியின் குரல் கேட்டது. "உக்காருங்க மகாராஜா, உக்காருங்க!" குழந்தை முதுகைத் திருப்பிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கியது. அந்தப் பெரிய பிட்டத்துக்கு நேர் கீழே நாலு முட்டை!

செம்மூக்கி இலையைக் கவ்விக்கொண்டு பறந்தாள். ஒரே பாய்ச்சலில் இம்மாவைக் குழந்தையின் காதில் கொண்டுபோய்ப் போட்டாள். இம்மா உள்ளே ஒரு வார்த்தை சொன்னாள். குழந்தை அப்படியே நின்றது. அழுகை சிரிப்பானது. எழுந்து, ஆறு காலாலும் தாம் தூம் என்று குதித்து, மேட்டைவிட்டு விலகி ஓடியது.

செம்மூக்கி முட்டைகளை எண்ணினாள். நாலும் இருந்தன. அப்புறம் சந்தோஷம் பொங்கி வந்தது பாருங்கள்! குழந்தையின் காது மடலில் போய் உட்கார்ந்து, இம்மா முன்பு சொன்னதையும் இப்போது சொல்வதையும் ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

குன்றனின் காது தொங்கிப்போனது. "தலைவியை நானா அடிச்சுத் தள்ளினேன்?"

"நான் குளிச்சும் நாளாச்சு, பரவாயில்ல!" என்று இம்மா சிரித்தாள். "எங்கேப்பா அந்த மந்திரி? பையன் விளையாட ஒரு பொம்மை கேக்கிறான்."

கோணவாலன் நழுவப் பார்த்தான். குழந்தை அவனை வாரி எடுத்து, மேலே தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடித்தது.

"ஓவ்!" என்றது.

"ஐயோ, இவரு என்ன சொல்றாருன்னு யாராவது சொல்லுங்களேன்!" என்று நரி அந்தரத்தில் கதறினான்.

"எங்களுக்கு என்ன தெரியும் மந்திரியாரே, நீங்கதான் சொல்லணும்!" என்றாள் செம்மூக்கி. குளமே குலுங்கிச் சிரித்தது.

மறுநாள் முட்டைகள் பொரிந்தன. தண்ணீர் குடிக்கும் நேரத்தில் குன்றன் வரிசையின் கடைசியில் போய் நின்றான். செம்மூக்கி தன் குஞ்சுகளோடு முதல் ஆளாக இறங்கி, தெளிந்த தண்ணீரைக் குடித்தாள்.

"என்ன அண்ணே, இன்னைக்குக் கடைசியில நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

குன்றன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "கத்துக்க வேண்டியது எவ்வளவு இருக்கு பாரு எனக்கு!" என்றான்.

வந்தவரை நம் வீட்டு அளவுகோலால் அளந்துவிடாமல், உங்கள் வழக்கம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதே அவருக்குச் செய்கிற உண்மையான மரியாதை.