தலையணைக்கு ஒரு ஸ்பாஞ்ச் பாத்

"நான் படிப்பை விட்டுடுறேன் மேடம்."

சங்கரவடிவு இதைச் சொன்னபோது, போன் திரையில் சலோமி மேடம் தலை கலைந்து, கழுத்துவரை போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் ஒன்றும் தூரத்தில் இல்லை. இதே நர்சிங் ஹாஸ்டலின் கீழ்த்தளத்தில், வடிவின் அறைக்கு நேர் கீழே. பாடம் நடத்துகிறவர் கொரோனா வார்டில் டூட்டி பார்க்கப் போய், தொற்றிக்கொண்டு வந்து படுத்துவிட்டார். வடிவுக்கு அதற்கு முன்பே வந்தாயிற்று. மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவ்வளவு பெரிய கட்டடத்தில் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.

வேளைக்கு ஒரு பொட்டலத்தை வாட்ச்மேன் கதவோரம் வைப்பார். தட்டுவார். ஓடிவிடுவார்.

ஜன்னலுக்கு வெளியே கொடி நிறைய, பிள்ளைகள் விட்டுப்போன கிளிப்புகள். காய்வது மட்டும் ஒற்றைத் துண்டு.

"ஏன் விடுற?"

"போன்லயே பாடம், போன்லயே பரீட்சை. தலையணைக்கு ஊசி போடுறேன். இதுக்குப் பேரு நர்சிங்கா மேடம்? புத்தகத்தைத் திறந்தா ஒரு வரி ஏற மாட்டேங்குது. இவளுக எல்லாம் வீட்ல உட்கார்ந்து மீன்குழம்பு போட்டோ போடுறாளுக. நான் இங்க ஒரு பல்லிகிட்ட குட்மார்னிங் சொல்லிட்டு இருக்கேன்."

"பதில் சொல்லுதா?"

"விளையாடாதீங்க மேடம். நாளையோட என்னைத் தனியா வச்சது முடியுது. இப்போ அப்பா கூப்பிடுவாரு. நீங்க சரின்னா வண்டி கொண்டு வரச் சொல்லிடுவேன். அப்புறம் திரும்பி வர மாட்டேன்."

மேடம் இருமினார். அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஒரு ஸ்பாஞ்ச் பாத் செய்து காட்டு. பாஸானா போ."

எழுந்து குளிக்க முடியாதவர்களுக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடுவது. முதல் வருஷப் பாடம். வடிவு தூக்கத்திலும் செய்வாள்.

போனை ஜன்னலில் சாய்த்து வைத்தாள். தலையணையைக் கட்டிலில் கிடத்தினாள். துப்பட்டா இரண்டைச் சுருட்டி வைத்ததும் கை வந்தது. ஸ்டிக்கர் பொட்டு இரண்டு ஒட்டியதும் கண் வந்தது.

கண்ணை மூக்கோரமிருந்து வெளிப்பக்கமாய்த் துடைத்தாள். மறு கண்ணுக்குத் துணியின் மறு முனை. கையை மணிக்கட்டிலிருந்து மேலே. துடைக்காத இடத்தைப் போர்வையால் மூடினாள்.

"ஃபெயில்," என்றார் மேடம்.

தண்ணீர் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்தாள். கெட்டிலில் சுடவைத்து ஊற்றி, முழங்கையால் தொட்டுப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து செய்தாள். ஒரு சொட்டு மெத்தையில் சிந்தவில்லை.

"ஃபெயில்."

"என்ன தப்பு மேடம்?"

"என்னை ஏன் கேக்குற? படுத்திருக்கிறவங்களைக் கேளு."

"அது தலையணை மேடம்!"



வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துணியை வாளிக்குள் வீசினாள். தெறித்த தண்ணீரில் பொட்டு ஒன்று உரிந்து விழுந்தது.

ஒற்றைக் கண்ணோடு மேலே ஃபேனைப் பார்த்தபடி கிடந்தது தலையணை.

இத்தனை நாளும் அவள் கிடந்த மாதிரியே.

வடிவு குனிந்து பொட்டைத் தேடி எடுத்தாள். பழைய இடத்தில் ஒட்டினாள். சரியாக ஒட்டாததால் கொஞ்ச நேரம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நர்சிங் லேபில் செய்து பழக ஒரு பொம்மை உண்டு. பிள்ளைகள் அதற்குக் கோமளம் அத்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். தொடும் முன் அத்தைக்கு வணக்கம் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்க வேண்டும். இதைச் செய்யும்போது மட்டும் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

வடிவு கட்டிலோரம் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"வணக்கம்மா. என் பேரு சங்கரவடிவு. நர்சிங் படிக்கிறேன். உங்களுக்கு முகம் துடைச்சு விடப் போறேன்."

அவள் குரல் அவளுக்கே புதிதாய்க் கேட்டது.

"தண்ணி சூடு போதுமா?"

காத்திருந்தாள். பிறகு துடைத்தாள், மெதுவாக.

"யாரும் வரலைன்னு நினைக்காதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

துணியைப் பிழிந்தாள். பாடத்தில் இல்லாத ஒன்று தானாக வாயில் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"



"இன்னும் இல்ல, சிஸ்டர்."

குரல் ஜன்னல் பக்கமிருந்து, போனுக்குள்ளிருந்து வந்தது.

வடிவு திரும்பினாள். திரையில் மேடத்துக்குப் பின்னால் மேசைமேல் மதியப் பொட்டலம், நூல்கூடப் பிரியாமல் இருந்தது. அதன் பக்கத்திலேயே காலையில் வந்ததும்.

போன் அதிர்ந்தது. அப்பா.

"வண்டி வேணாம்ப்பா," என்றாள் அவசரமாக. "அப்புறம் பேசுறேன். இங்க பேஷண்ட் காலையில இருந்து சாப்பிடலை."