நோட்டில் இல்லாத மொய்

ஒழுகும் வகுப்பறைக்குப் புதுக் கூரை போட, இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மொய் விருந்து வைத்தது. பந்தி முடிந்தும் மொய் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. தேங்காய் மண்டி வைரக்கண்ணு முதலில் செய்யட்டும் என்று எல்லாக் குடும்பமும் காத்திருந்தது. மழைக்கோ ஒரு மாதம்தான் இருந்தது.

வைரக்கண்ணு தன் மகள் கல்யாணத்து மொய் நோட்டோடு வந்திருந்தார்.

"எனக்குச் செஞ்சவங்களுக்குத்தான் நான் திருப்பிச் செய்வேன். இதுல பள்ளிக்கூடத்து மொய்யைக் காட்டுங்க, பாதிக் கூரை என்னுது" என்றார்.

தலைமையாசிரியர் தலைகுனிந்தார். எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த சத்துணவு ஆயா அஞ்சம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் காட்டட்டுமா அண்ணே?"

"உனக்குத்தான் படிக்கவே தெரியாதே ஆத்தா!" பந்தலே சிரித்தது.

"தெரியாதுண்ணே. அதான் கேக்குறேன். இந்த நோட்டை எழுதுனது யாரு?"

"எம் மககூடப் படிச்ச புள்ளைங்க."

"எங்கண்ணே படிச்சாங்க?"

அவர் பார்வை ஒழுகும் வகுப்பறைப் பக்கம் போனது.

"ஆயிரம் பேர் மொய் செஞ்சாங்க. ஒரு பேரு விட்டுப்போகலை, ஒரு கணக்குத் தப்பலை. அதுதாண்ணே பள்ளிக்கூடம் உங்களுக்குச் செஞ்ச மொய். எந்தப் பக்கத்தைப் பிரிச்சாலும் இருக்கும்."

வைரக்கண்ணு நோட்டை முதன்முதலாகப் பார்ப்பவர்போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு மேஜைக்குப் போய், மொய் எழுத உட்கார்ந்திருந்த மாணவியிடம், "பாதிக் கூரைன்னு எழுதும்மா" என்றார்.

அஞ்சம்மா மறுபடி இலை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது மேஜையிலிருந்து வாசல்வரை வரிசை நின்றது. எங்கள் ஊரில் மொய் நோட்டு இல்லாத வீடே கிடையாது.