சைலன்சர் வாங்கப் போன சீடர்

எங்க மடத்துக்கு வர்றவங்க குருகிட்ட என்னென்னமோ கேப்பாங்க. செத்தா எங்க போவோம், மனசு ஏன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, இப்படி. சைலன்சர்ல எது நல்ல சைலன்சர்னு கேட்ட ஒரே ஆளு சடையப்பர்தான்.

சிரிக்காதீங்க. அன்னைக்கு அவரு உயிரே அந்தக் கேள்வியிலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

குருன்னதும் வெள்ளைத் தாடியை நினைச்சுக்காதீங்க. எங்க குரு சொர்ணத்தம்மாவுக்கு வயசு நாப்பதை ஒட்டித்தான் இருக்கும். சடையப்பர் அறுபதைத் தாண்டினவரு. பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வானவரு. அவரு குருவை அம்மான்னு கூப்பிடுவாரு. குரு அவரை அண்ணேன்னு கூப்பிடுவாங்க. நான் மூக்கம்மா, மடத்துச் சமையல் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எங்க குருவுக்கும் தெரியும்.

மடத்துல இருந்து இறங்கினா ஓடைப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுல கல்குவாரி. அதையும் தாண்டிப் போனா காலனி. அங்க இருக்கிறவங்க எல்லாம் அந்தக் குவாரியிலயே கல் உடைச்சு, நெஞ்சுல தூசி அடைஞ்சு போனவங்க. பத்தடி நடந்தா மூச்சு வாங்கும். அடுப்பு மூட்டிப் புகையில உக்கார முடியாது. இனி இவங்க வேலைக்கு ஆக மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் குவாரி முதலாளி வீட்டுக்கு அனுப்பிட்டான். போய்ச் சாவுங்கன்னு சொல்லல, அவ்வளவுதான்.

அவங்களுக்கு மத்தியானக் கஞ்சி எங்க மடத்துல இருந்து போகும். நான் காய்ச்சுவேன், சடையப்பர் கொண்டு போவாரு. வயசான மனுசன் மேட்டுல மிதிச்சு ஏறக் கஷ்டப்படுறாருன்னு, பக்தர் ஒருத்தர் அவரோட பழைய சைக்கிள்லயே சின்ன இன்ஜின் ஒண்ணை மாட்டிக் குடுத்தாரு. ரெண்டு பக்கமும் தூக்குவாளி, நடுவுல அந்த இன்ஜின். சத்தமே பெருசா வராது. தையல் மிஷின் ஓடுற மாதிரி போகும்.

கஷ்டம் எல்லாம் பாலத்துலதான். ஒரு வண்டி போற அகலம்தான் அது. யாரு முதல்ல ஏறுனாங்களோ அவங்க கடந்த பிறகுதான் எதிர்ப்பக்க வண்டி ஏறணும். எங்க ஊர்ல மாட்டு வண்டிக்காரங்க காலத்துல இருந்து இதுதான் வழக்கம். கல்யாண ஊர்வலமே வந்தாலும் நிக்கும். குவாரியோட டிப்பர் லாரிங்க மட்டும் நிக்காது. மேட்டுல இருந்து இறங்குற வேகத்துலயே பாலத்துல ஏறிடும். சடையப்பர் பாதிப் பாலத்துல இருப்பாரு, லாரி மூஞ்சிக்கு நேரா வந்துக்கிட்டே இருக்கும். அவரு பாலத்துக் கைப்பிடிச் சுவத்தோட சுவரா ஒட்டி நிப்பாரு. ஒரு தடவை ஓடைக்குள்ளயே விழுந்து முழங்கையில எலும்பு விட்டுப் போச்சு. கஞ்சி பூரா தண்ணியோட போச்சு.

நான் விடியக்காலையில எந்திரிச்சு நொய்யைக் களைஞ்சு, அடுப்பை ஊதி ஊதிக் காய்ச்சின கஞ்சி. காலனிக்காரங்க நெஞ்சைக் கெடுத்தது அந்தக் குவாரி. அவங்களுக்குப் போற கஞ்சியைக் கொட்டுறதும் அந்தக் குவாரி லாரிதான். எனக்கு வயிறு எரியாதா? நீங்களே சொல்லுங்க.

கட்டுப் போட்ட கையோட சடையப்பர் டவுனுக்குப் போயிட்டு வந்தாரு. நேரா குரு முன்னாடி வந்து உக்காந்தாரு. கடையில மூணு சைலன்சர் காட்டினாங்களாம். ஒண்ணு கட்டைக் குழாய், உள்ள ஒண்ணும் கிடையாது, போட்டா வெடி வெடிக்கிற மாதிரி இருக்குமாம். ஒண்ணு நடுவுல வயிறு பெருத்தது, மேட்டுல இழுவை நல்லா கிடைக்குமாம். இன்னொண்ணு உள்ள பஞ்சு அடைச்சது, இன்ஜின் ஓடுதான்னே தெரியாதாம். சத்தம் பெருசா இருந்தாத்தான் லாரிக்காரன் ஒதுங்குவான்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்லிட்டாராம்.

"எதை வாங்கட்டும் அம்மா?" அப்படின்னாரு.

"உங்களுக்கு எது வேணும்னு தோணுது அண்ணே?"

"வெடிக்கிறதுதான். பஸ்ல நான் ஒரு விசில் குடுத்தா வண்டி நிக்கும், இன்னொண்ணு குடுத்தா கிளம்பும். இப்ப நான் ஒருத்தன் ரோட்டுல வர்றதே எவனுக்கும் கேக்க மாட்டேங்குது."

"வாங்கி மாட்டுங்க. மாட்டினதும் என்னை ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போங்க."

எனக்கு மனசுக்குள்ள ஒரே சந்தோஷம். வேணும்டா உங்களுக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

கை கொஞ்சம் தேறினதும் மாட்டிக்கிட்டு வந்தாரு. ஸ்டார்ட் பண்ணாரு பாருங்க, அடுப்படியில என் கையில இருந்த கரண்டி கீழ விழுந்துடுச்சு. மரத்துல இருந்த காக்கா எல்லாம் கிளம்பிப் போயிடுச்சு. குரு சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு பின்னாடி கேரியர்ல ஏறி உக்காந்தாங்க. தூக்குவாளிங்க ரெண்டு பக்கமும் தொங்குச்சு. நான் வேடிக்கை பாக்கலாம்னு பாலம் வரைக்கும் நடந்தே போனேன். எவன் ஒதுங்குறான்னு கண்ணால பாக்கணும் இல்ல?

அவங்க பாலத்துல பாதி தாண்டியிருப்பாங்க. மேல வளைவுல டிப்பர் வந்துச்சு.

சடையப்பர் நிக்கல. ஆக்சிலேட்டரை முறுக்கினாரு. பாலமே அதிருற மாதிரி சத்தம். லாரியில கண்ணாடி ஏத்தி விட்டிருந்துச்சு, அந்தச் சத்தத்தையும் மீறி உள்ள பாட்டு ஓடுறது இங்க நின்ன எனக்கே கேட்டுச்சு. அந்த டிரைவர் வேகத்தைக் கொஞ்சம்கூடக் குறைக்கல. அவன் பாட்டுக்கு வந்தான். கடைசி நேரத்துல சடையப்பர் ஹேண்டில் பாரைச் சுவத்துப் பக்கம் ஒடிச்சாரு. வண்டி சுவத்துல உரசி நின்னுச்சு. ஒரு தூக்குவாளி நசுங்கி, மூடி தெறிச்சு, கஞ்சி குரு மடியில கொட்டிச்சு.

லாரி போயிடுச்சு.

போன லாரியைத் திரும்பிப் பாத்துக்கிட்டே சடையப்பர் முறுக்குறாரு, முறுக்குறாரு, விடவே இல்ல. கண்ணுல தண்ணி. நானும் என் பங்குக்கு ஒரு கை மண்ணை வாரி லாரி போன பக்கம் தூத்தி, கட்டையில போறவனேன்னு ஆரம்பிச்சு அவன் பரம்பரை வரைக்கும் இழுத்துட்டேன்.

குரு மெதுவா இறங்கினாங்க. மூஞ்சியில ஒரு பக்கம் கரி. காதுல சுண்டு விரலை விட்டு ஆட்டிக்கிட்டாங்க. சடையப்பர் இன்ஜினை நிப்பாட்டிட்டு, மூச்சு வாங்க வாங்கக் கேட்டாரு.

"அவனுக்குக் கேட்டிருக்கும் இல்லம்மா?"

"அவனுக்குக் கேட்டுச்சா தெரியல அண்ணே. எனக்குக் கேட்டுச்சு. உங்க கோபம் முழுசையும் நான்தான் கேட்டேன்."

அவரு முழிச்சாரு.

"குழாய் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

சடையப்பர் குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "பின்னாடிம்மா," அப்படின்னாரு.

குரு என்னையும் ஒரு பார்வை பாத்தாங்க. என் கையில இன்னும் மண்ணு இருந்துச்சு. உதறிட்டேன்.

அப்புறம்தான் சடையப்பருக்கு நிஜமாவே கோபம் வந்துச்சு. குரு மேலயே வந்துச்சு. அந்த மனுசன் குருகிட்டக் குரல் உசத்தி அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்ல. அப்ப பஞ்சு அடைச்சதை மாட்டிக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டுப் போகணுமா, அவன் ஏறி மிதிப்பான், நாம சாமி கும்பிட்டுட்டு ஓடையில விழணுமா, இதைத்தான் மடத்துல சொல்லித் தர்றீங்களான்னு கேட்டுட்டாரு. எனக்கும் அதே கேள்விதான். அவரு கேட்டதுல எனக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பாத் தெரியல.

"பொறுத்துக்கிட்டுப் போங்கன்னு நான் சொன்னேனா?" அப்படின்னாங்க குரு.

சொல்லலதான்.

"அக்கா, கஞ்சி இன்னும் இருக்கா?" அப்படின்னு என்கிட்டக் கேட்டாங்க.

மடத்துல நாங்க சாப்பிட வெச்சிருந்தது இருந்துச்சு. ஓடிப் போயி வேற தூக்குவாளியில ஊத்திக்கிட்டு வந்தேன். அதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் பாலத்தை விட்டு எங்க மடத்துப் பக்கமே இறங்கி வந்திருந்தாங்க. குரு மடியை உதறிக்கிட்டு, இன்ஜின் வேண்டாம், வண்டியைத் தள்ளிக்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டு முன்னாடி நடந்தாங்க. பின்னாடி சடையப்பர் வண்டியைத் தள்ளிக்கிட்டு. அவருக்குப் பின்னாடி நான்.

நாங்க ஏறி நாலு எட்டு வெச்சிருப்போம், மேல வளைவுல அடுத்த லாரி தெரிஞ்சுச்சு. குரு சுவத்துப் பக்கம் ஒதுங்கல. பாலத்து நடுவுல வந்து, கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, லாரியைப் பாத்து நின்னாங்க.

ஹாரன் அடிச்சான். நகரல. விடாம அடிச்சான். அம்மா வந்துடுங்கன்னு சடையப்பர் கத்துறாரு, வண்டியை விட்டா கஞ்சி கொட்டிடும், விடவும் முடியல. பிரேக்கு கிறீச்சுன்னு கத்தி, மேல இருந்த ஜல்லி நாலஞ்சு உருண்டு வந்து எங்க காலடியில விழுந்துச்சு. கை நீட்டினா தொடலாம், அவ்வளவு கிட்ட வந்து நின்னுச்சு லாரி.

டிரைவர் கண்ணாடியை இறக்கினான். சின்னப் பையன்தான், மீசைகூடச் சரியா வரல. சாகுறதுக்கு உனக்கு என் வண்டிதான் கிடைச்சுச்சா, காது செவிடான்னு என்னென்னமோ கத்துறான். குரு காதுல கையை வெச்சுக் காட்டினாங்க, கேக்கலன்னு. அவன் இன்னும் கத்துனான். குரு மறுபடியும் காதைத் தொட்டுக் காட்டினாங்க. அவன் இன்ஜின் போடுற சத்தத்துல அவன் சொல்றது அவனுக்கே கேட்டிருக்காது. கடைசியில சலிச்சுப் போயி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைச்சான்.

ஓடைத் தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. மேட்டுக்கு அந்தப் பக்கம் காலனியில யாரோ இருமுறதும் கேட்டுச்சு.

குரு எப்பவும் பேசுற குரல்லதான் பேசினாங்க.

"தம்பி, நாங்க பாலத்துல ஏறும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"வளைவுலம்மா."

"அப்ப பாலம் யாருக்கு?"

அவன் எங்களைப் பாத்தான், தூக்குவாளியைப் பாத்தான், குரு சேலையில காஞ்சு போயிருந்த கஞ்சியைப் பாத்தான். அப்புறம் கீழ இறங்கி வந்தான். எங்களுக்கு டிரிப்புக்குத்தான் கூலிம்மா, நின்னா மேஸ்திரி பேசுவாருன்னான். குரலே இறங்கிப் போச்சு.

"மேஸ்திரி எங்க இருப்பாரு?"

"குவாரி கேட்டுலயே உக்காந்திருப்பாரும்மா."

"நாளைக்குக் காலையில வர்றேன்னு சொல்லுங்க. வந்து அங்கயும் இப்படி நிப்பேன்னு சொல்லுங்க."

அவனுக்குப் பின்னாடி ஒரு லாரி வந்து நின்னு ஹாரன் அடிச்சுச்சு. அவனே ஓடிப் போயி அந்த டிரைவர்கிட்ட ஏதோ சொன்னான். ரெண்டு லாரியும் பின்னாடியே போயி மேட்டுல ஏறி நின்னுச்சு. நாங்க பாலத்தைக் கடந்தோம். லாரியைத் தாண்டும்போது அந்தப் பையன் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு அவனைத் திட்ட வாய் வரல. திட்டணும்னுதான் இருந்தேன்.

காலனிக்குப் போற பாதையில ஏறினதும் சடையப்பர் கேட்டாரு.

"எந்தச் சைலன்சர் வாங்கட்டும்னு நீங்க இன்னும் சொல்லலையேம்மா."

"வயிறு பெருத்ததை வாங்குங்க. மேட்டுல இழுக்கும். கஞ்சி ஆறாமப் போயிச் சேரும்."

கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளினாரு. அவரு கேக்க நினைச்சது அது இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. எனக்கும் கேக்கணும்னு இருந்தது வேற ஒண்ணுதான். கடைசியில நின்னுட்டாரு.

"அந்தப் பையன் பிரேக் போட்டான். போடாம ஏத்தியிருந்தான்னா?"

குரு திரும்பி அவரைப் பாத்தாங்க.

"ஏத்தியிருந்தா, அந்த முதல் லாரிக்காரன் மாதிரி பாக்காம இல்ல, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே ஏத்தியிருப்பான் அண்ணே."